நட்டுவுக்கு ஆறு மணி மாத்திரை

ஒரு எஞ்ஜினைத் திறக்கணும்னா ஸ்பேனர் இருக்கு. ஒரு பூனையோட வாயைத் திறக்கணும்னா நம்ம விரலை விட்டா வேற டூல் கிடையாது, அந்த விரலும் முழுசாத் திரும்பி வரும்னு உத்தரவாதம் கிடையாது.

நான் கோவளத்துல போட்டு எஞ்ஜின் மெக்கானிக். ஃபைபர் போட்டுக்குப் பின்னாடி தொங்குமே, அந்த எஞ்ஜின். தொழில் தெரிஞ்சவன்னு ஒரு காலத்துல பேரு இருந்துச்சு. இப்ப யாராவது பஸ் ஸ்டாப்புல இறங்கி என் ஷெட்டுக்கு வழி கேட்டா, "பூனைக்கு மாத்திர போடுவாரே, அவரா?"ன்னு கேட்டுட்டுத்தான் கை காட்டறாங்க. காலையில ஆறு மணிக்கு அரை மாத்திரை, சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மாத்திரை. ஞாயித்துக்கிழமை கிடையாது, பொங்கல் கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பேஷன்ட் நாலு காலோட சுத்திகிட்டிருந்தா உட்காருங்க, நம்ம கஷ்டத்தைப் பேசுவோம். பூனை இல்லாதவங்களும் உட்காரலாம். சிரிக்கறதுக்கும் ஆள் வேணுமே.

இதுக்கு மேல இரும்பு ஏது?

நட்டு குட்டியா இருந்தப்போ, நான் நட்டு போல்ட்டு போட்டு வைக்கிற டப்பாவுக்குள்ள வந்து சுருண்டு படுத்தான். பேரு அப்படித்தான் வந்துச்சு. சிவப்பும் வெள்ளையுமா கடுவன். அவனுக்கு மூணு வயசு நடக்கும்போது ஒருநாள், நான் ஒரு எஞ்ஜினுக்குப் பிளக்கு மாத்திகிட்டிருக்கேன், பெஞ்சுக்கு அடியில தடதடன்னு சத்தம். குனிஞ்சு பார்த்தா நட்டு ஒருக்களிச்சு விழுந்து கிடக்கான். நாலு காலும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிக்குது, வாயில நுரை, கண்ணு எங்கயோ சொருகியிருக்கு. "ஸ்டெல்லா!"ன்னு நான் போட்ட கத்தல்ல என் பொண்டாட்டியோட சேர்ந்து தெருவே ஓடி வந்துடுச்சு.

வலிப்புன்னா நம்மாளுங்களுக்கு ஒரே வைத்தியம்தான். கையில இரும்பைக் குடு! பக்கத்து வீட்டுல மீன் விக்கிற அம்சா அக்கா வீட்டுச் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து நட்டுவோட முன்னங்கால்ல திணிக்கறாங்க. இன்னொருத்தர் அரிவாமணையைத் தூக்கிகிட்டு வர்றார். யாரோ ரெண்டு பேர் கரையிலேர்ந்து நங்கூரத்தையே இழுத்துகிட்டு வர்றாங்க! "ஏம்மா, அது பூனைம்மா, கையே கிடையாது"ன்னு நான் கத்தினது யார் காதுலயும் விழல. கொஞ்ச நேரத்துல தானாவே வலிப்பு நின்னு, நட்டு தலையைத் தூக்கி, தன்னைச் சுத்திக் கிடந்த சாமானையெல்லாம் பார்த்து முழிச்சான். அப்பதான் நாகராஜ் வாயைத் திறந்தான். இந்த நாகராஜ் எனக்கு நிரந்தர கஸ்டமர். எஞ்ஜின் ரிப்பேர் ஆனாலும் வருவான், ஆகலைன்னாலும் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துடுவான். சுத்திலும் தொங்குற ஸ்பேனர், செயின், எஞ்ஜினையெல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டுச் சொன்னான்: "மெக்கானிக் ஷெட்டுக்குள்ள வந்த வலிப்பு இது. இதுக்கு மேல இரும்பு எங்கேர்ந்து கொண்டாறது, அண்ணாத்த?"

டாக்டரம்மா போட்ட கண்டிஷன்

கேளம்பாக்கத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நட்டுவைக் காய்கறிக் கூடையில போட்டு, மேல இன்னொரு கூடையைக் கவுத்து, கயிறு கட்டி, ஆட்டோவுல கொண்டு போனேன். வழி பூரா அவன் கத்தின கத்தல்ல ஆட்டோக்காரர் ஹாரனே அடிக்கல, தேவைப்படல.

டாக்டரம்மா நிதானமாச் சோதிச்சாங்க. இது குணமாகிற சமாசாரம் இல்ல, ஆனா கட்டுக்குள்ள வச்சா ரொம்ப வருஷம் நல்லா இருப்பான்னாங்க. தினம் ரெண்டு வேளை மாத்திரை. திடீர்னு நிறுத்தினா ஒரு வலிப்புக்கு மேல இன்னொண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு தொடர்ந்து வந்து உயிரே போயிடும்னு சொன்னாங்க. "மேடம், தொழில்ல இருக்கறவன், என்னிக்காவது மறந்துட்டேன்னா?"ன்னு இழுத்தேன். அவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "நீங்க மறந்தாலும் வலிப்பு மறக்காது, சார்."

நாலு கிலோ புள்ள

இந்த மாத்திரை மனுஷங்களுக்குக் குடுக்கிற அதே மாத்திரைதான். சீட்டு இல்லாம தரமாட்டாங்க. மெடிக்கல்ல ஒரே கும்பல். சீட்டை வாங்கின பையன், டாக்டரம்மா கையெழுத்து புரியாம, ஊருக்கே கேக்கற மாதிரி விசாரிக்க ஆரம்பிச்சான். "பேஷன்ட் பேரு?" நட்டு. "வயசு?" மூணு. "இன்னா வியாதி?" வலிப்பு. எனக்குப் பின்னாடி நின்ன பெரியம்மா ஒருத்தங்க "ஐயோ பாவமே"ன்னு உச்சு கொட்டினாங்க. "வெயிட்டு?" நாலு கிலோன்னேன்.

பெரியம்மா என் சட்டையைப் பிடிச்சுத் திருப்பிட்டாங்க. "மூணு வயசுக்கு நாலு கிலோவா? சோறு போடறியா, இல்ல மோந்து பாக்க வுடறியா? பெத்தவ இன்னா பண்ணிகினு கீறா?" எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையில நான் ஒரு ரெண்டு அடி குட்டையாயிட்டேன். "பூனைங்க, பூனை!"ன்னு அலறினேன். பெரியம்மா சட்டையை விட்டாங்க. தலையிலேர்ந்து கால் வரைக்கும் என்னை நிறுத்தி நிதானமாப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "பூனைக்கு நாலு கிலோன்னா நல்லாத்தான் துன்னுது. உன்னியப் பாத்தாதான் நைனா பாவமா கீது."

வஞ்சிரத்துக்குள்ள வெள்ளைக் கல்லு

எல்லாரும் சொல்ற ஐடியா ஒண்ணு உண்டு. "மீனுக்குள்ள வச்சிக் குடு, தெரியாமத் துன்னுடும்." சொல்றவங்க யாரும் பூனை வளர்த்தவங்க இல்லைன்னு நீங்க எழுதி வச்சுக்கலாம். அம்சா அக்கா கூடையிலேர்ந்து நெத்திலி குடுத்தாங்க, அதுக்குள்ள வச்சேன். நெத்திலி போச்சு, மாத்திரை இருந்துச்சு. சங்கரா மீனுக்குள்ள வச்சேன். சங்கரா போச்சு, மாத்திரை இருந்துச்சு. கடைசியில ரோஷம் வந்து, ஸ்டெல்லாவுக்குத் தெரியாம ஒரு வஞ்சிரத் துண்டை வறுத்து, உப்புகூடப் போடாம, நடுவுல ஓட்டை போட்டு, மாத்திரையைச் சொருகி, மூடி, தட்டுல வச்சு, ஷெட்டு வாசல்ல வச்சேன்.

நட்டு வந்தான். மோந்தான். ஒரு பக்கமாத் தின்னுகிட்டே வந்தான், சுத்தி வந்து மறுபக்கம் தின்னான். தட்டைத் துடைச்சு வச்ச மாதிரி நக்கினான். நடுவுல மாத்திரை மட்டும் பளபளன்னு உட்கார்ந்திருக்கு, ஒரு ஈரம்கூட இல்ல! மீசையைத் துடைச்சுகிட்டு அவன் போயிட்டான். நான் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டேன். ஸ்டூல்ல இருந்த நாகராஜ் வாணலியில மிச்சமிருந்த துண்டையே பார்த்துகிட்டிருந்தான். கடைசியில மெதுவாக் கேட்டான்: "அண்ணாத்த, எனக்குக்கூட காலைலேர்ந்து வலிப்பு வர்ற மாதிரிதான் கீது, அந்த வாணலிய இப்டி தள்ளேன்."

குரல் குழையற கலை

அப்புறம் டாக்டரம்மாதான் முறையைச் சொல்லிக் குடுத்தாங்க. பழைய துண்டுல கழுத்து வரைக்கும் சுத்தணும், பொறந்த குழந்தையைச் சுத்தற மாதிரி. மாத்திரைக்கு லேசா வெண்ணெய் தடவணும். இது எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு, கிரீஸ் போடாம எந்த சாமான் உள்ள போகும்? வாயோரமா விரலை விட்டு, நாக்குக்குப் பின்னாடி போட்டு, வாயை மூடி, மூக்குல மெதுவா ஒரு ஊது. முழுங்கிடுவான். கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதான். சொல்ல அவ்வளவுதான். செய்யும்போது இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கடி, சட்டையெல்லாம் வெண்ணெய்.

ஆனா ஒரு விஷயம் கத்துகிட்டேன். நம்ம கை நடுங்கினா அவனுக்குத் தெரியுது. குரல்ல அவசரம் இருந்தாத் தெரியுது. அதனால ஆறு மணியானா ஸ்பேனரைக் கீழ வச்சு, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, மடியில அவனை வச்சுகிட்டு, "என் தங்கம்ல, என் ராசால்ல, ஒரே ஒரு வாட்டி வாயைத் தொறப்பியாம்"னு கொஞ்ச ஆரம்பிச்சேன். வேலை செஞ்சுது! ஸ்டெல்லா கதவுல சாய்ஞ்சுகிட்டு இதைப் பார்த்துகிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தக் குரல எங்கய்யா ஒளிச்சி வச்சினு இருந்த?"

கருப்புக்கொடி

நான் ஒருநாள் காலையில மாத்திரையைப் போட்டுட்டுக் கரைக்குப் போயிட்டேன். அது தெரியாம ஸ்டெல்லாவும் போட்டுட்டா. ரெண்டு பங்கு உள்ள போனதும் நட்டு நடந்த நடை இருக்கே, கடை மூடற நேரத்துல வெளிய வர்றவங்க தோத்துடுவாங்க. சுவர்ல முட்டினான், சுவரைப் பார்த்து முறைச்சான், அப்படியே தண்ணிக் கிண்ணத்துமேல தலையை வச்சுத் தூங்கிட்டான். டாக்டரம்மாவுக்கு போன் பண்ணா, பக்கத்துலயே இருந்து மூச்சைப் பார்த்துக்குங்க, இனிமே ஒருத்தர் போட்டா இன்னொருத்தருக்குத் தெரியற மாதிரி வச்சுக்குங்கன்னாங்க. பகல் பூரா எஞ்ஜின் பக்கமே போகாம அவன் வயிறு ஏறி இறங்கறதையே பார்த்துகிட்டிருந்தேன்.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை. கடல்ல வலை எங்க இருக்குன்னு தெரியறதுக்கு மூங்கில்ல கொடி கட்டி மிதக்க விடுவாங்களே, அதுல ஒண்ணு ஷெட்டுல சும்மா கிடந்துச்சு. மாத்திரை போட்டாச்சுன்னா அதை வாசல்ல நட்டுடறது, கரையிலேர்ந்தே ஸ்டெல்லாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நட்டுட்டு உள்ள போய் டீ குடிச்சேன். அந்தக் கொடி கருப்புன்னு எனக்கு உறைக்கவே இல்ல. கடல்ல பார்த்துப் பழகின கண்ணு, தரையில அது என்னன்னு யோசிக்கல. வெளிய வந்தா வாசல்ல கூட்டம். அம்சா அக்கா முந்தானையை வாயில பொத்திகிட்டு நிக்கறாங்க. ஒருத்தர் வந்து தோள்ல கை போட்டு, "மனசத் தேத்திக்கோ, எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"ன்னு கேக்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. நேரா என் காலுக்கு நடுவுல நுழைஞ்சு நட்டு வெளிய வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். கடைசியா மூச்சு வாங்க ஓடி வந்தவன் நாகராஜ். கையில சாமந்தி மாலை. பூனையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். "வாங்கினது வாங்கியாச்சு அண்ணாத்த, யாருக்காச்சும் போட்டுத்தான ஆவணும், நீ கொஞ்சம் குனி."

அம்சா அக்காவோட சத்தியம்

சதுரங்கப்பட்டினத்துல ஸ்டெல்லாவோட சித்தப்பா வீட்டுக் கல்யாணம். போகாம இருக்க முடியாது. அம்சா அக்கா, "நான் பாத்துக்கறேன் தம்பி, அஞ்சு புள்ளைக்கு வெளக்கெண்ண குடுத்தவ நான்"னு நெஞ்சுல கை வச்சாங்க. ஒவ்வொரு மாத்திரை வேளைக்கும் போன் பண்ணிக் கேட்டேன். "சமத்தா முயுங்கிச்சி"ன்னே பதில். நிம்மதியா பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினோம்.

வந்த மறுநாள் நட்டு விழுந்தான். வலிப்பு நின்னுச்சுன்னு மூச்சு விடறதுக்குள்ள மறுபடியும். கூடைக்கெல்லாம் நேரமில்ல, துண்டுல சுருட்டி மார்போட அணைச்சுகிட்டு ஆட்டோவுல ஏறினேன். போற வழியிலயே இன்னொண்ணு. என் சட்டையெல்லாம் அவன் எச்சில். நான் மனுஷங்க செத்ததுக்கே அதிகமா அழாதவன். அன்னிக்கு அழுதேன். டாக்டரம்மா ஊசி போட்டு, டிரிப் ஏத்தி, அங்கயே வச்சுகிட்டாங்க. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு நான் சாதிச்சேன். அவன் பிழைச்சு வீட்டுக்கு வந்தப்புறம்தான், தன் வீட்டு அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கின அம்சா அக்கா ஓன்னு கத்தினாங்க. டிரம்முக்குப் பின்னாடி, அக்கா குடுத்த மாத்திரை அத்தனையும் வரிசையாக் கிடக்கு. ஒதுக்கி வச்சுகிட்டு, அக்கா திரும்பினதும் அங்க போய்த் துப்பியிருக்கான். பாவம் அந்தம்மா, மூக்கைச் சிந்திகிட்டே சொன்னாங்க: "முயுங்கற மாதிரியே தொண்டைய ஆட்டிக் காட்னான் தம்பி. எம் மருமவன்கூட இவ்ளோ நல்லா நடிக்கமாட்டான்."

கடலுக்குப் போன பேஷன்ட்

இதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மானக்கேட்டைச் சொல்லிடறேன். போட்டு எஞ்ஜின் பார்க்கறவன் நான், கடலுக்குப் போகமாட்டேன். செங்கல்பட்டு ஏரியைப் பார்த்து வளர்ந்தவன். அலையில போட்டு ஒரு தூக்கு தூக்கினா காலையில குடிச்ச டீ வெளிய வந்துடும். எஞ்ஜின் ஓட்டத்தைக் கரையில நின்னு காதாலேயே கேட்டுச் சொல்லிடுவேன்.

அன்னிக்கு மத்தியானம் நாகராஜோட எஞ்ஜினைக் கரையில போய் மாட்டிக் குடுத்தேன். நட்டு வழக்கம்போல என் பின்னாலயே வந்தான். நான் திரும்பிட்டேன், அவன் பின்னாடி வர்றான்னு நெனச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கையைக் கழுவிட்டுக் கூப்பிட்டா ஆளைக் காணோம். தெருவே தேடுது. அப்பதான் கடல்லேர்ந்து நாகராஜ் போன். "அண்ணாத்த, ஒண்ணு சொல்லுவேன், வையக்கூடாது. உன் நட்டு இங்க கீறான். வலைக்குள்ள பூந்து தூங்கினு வந்துட்டான். வலைய வுட்டாச்சு, காலைலதான் கரைக்கு வருவோம், பத்திரமா கொண்டாறேன்." காலையில வர்றதுன்னா ரெண்டு வேளை போச்சு. அரிசி டிரம்முக்குப் பின்னாடி போன அந்த மாத்திரைக்கு அப்புறம் நடந்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. கடல்ல ஊசியும் இல்ல, டாக்டரம்மாவும் இல்ல. "நாகராஜ், நீ அங்கயே இரு, நான் வர்றேன்"ன்னேன். "யாரு, நீயா?"ன்னான்.

ஸ்டெல்லாவோட தம்பி ஜோசப் உடனே போட்டைத் தள்ளினான். ஸ்டெல்லா மாத்திரைப் பட்டையைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, என் தலையில துண்டுக்குள்ள வச்சுக் கட்டிவிட்டா. முதல் அலை தாண்டினதும் என் கதை ஆரம்பிச்சுடுச்சு. ஒரு கையால போட்டு விளிம்பு, இன்னொரு கையால தலைத்துண்டு. வாந்தி எடுத்துகிட்டே போனேன். ஜோசப், "மாமா, தூரத்தப் பாரு, தண்ணியப் பாக்காத"ன்னு சொல்லிகிட்டே வந்தான். நாகராஜோட போட்டுப் பக்கத்துல அணைச்சதும் நாகராஜ் என்னைச் சட்டைக் காலரைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டான். நட்டு? வலைக் கயித்து மேல உட்கார்ந்து, காலை நீட்டி நக்கிகிட்டிருக்கான். போட்டு முதலாளியே அவன்தான்னு தோணும்.

கவரைப் பிரிச்சேன். கை நடுங்குது. முதல் மாத்திரை நழுவி, போட்டோட அடித்தட்டுல கிடந்த தண்ணிக்குள்ள விழுந்து கரைஞ்சு போச்சு. ரெண்டாவதை எடுத்து அவன் வாயோரம் கொண்டு போனா, போட்டு ஆடுது, நான் ஆடறேன், அவன் என் கையைப் பிறாண்டிட்டு நழுவறான். என்னால முடியல. "நாகராஜ், முடியலடா"ன்னு சொல்லி மாத்திரையை அவன் பக்கம் நீட்டினேன். அவன் தன் சட்டையைக் கழட்டி நட்டுவைச் சுருட்டி முட்டிக்கு நடுவுல வச்சான். என் கையிலேர்ந்து மாத்திரையை வாங்கினான். "என் தங்கம்ல, என் ராசால்ல"ன்னான். அப்படியே என் குரல்! வாயோரம் விரல், நாக்குக்குப் பின்னாடி மாத்திரை, மூடினான், மூக்குல ஊதினான். நட்டு முழுங்கினான். அதோட விடல, வாயைத் திறந்து நாக்குக்கு அடியில, கன்னத்துல எல்லாம் விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் சட்டையை அவிழ்த்தான். நான் அவனையே பார்த்துகிட்டிருந்தேன். "தெனம் உன் ஷெட்டுல சும்மாவா ஒக்காந்துகினு கீறேன்?"ன்னான்.

எனக்கு அழுகையும் வந்துச்சு, வாந்தியும் வந்துச்சு. எது முதல்ல வந்துச்சுன்னு ஜோசப் இன்னிக்கும் ஊர்ல சொல்லிகிட்டுத் திரியறான். நட்டுவுக்கு அன்னிக்கு வலிப்பு வரல, ராத்திரி வீட்டுல வயிறு முட்டத் தின்னுட்டு என் காலடியில தூங்கினான். கடல்லேர்ந்து நானும் ஜோசப்பும் கரைக்குக் கிளம்பும்போது அவனைத் துண்டோட என் மடியில வச்சுட்டு நாகராஜ் சொன்னதுதான் இப்ப தெரு பூரா பேச்சு: "பூனைக்கு ஒண்ணும் இல்ல அண்ணாத்த, வூட்டுக்குப் போயி நீ ஒரு மாத்திர போட்டுக்கோ."

ஆக, இந்த உத்தியோகத்துல சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கை நிறையக் கீறல் மட்டும்தான் மிச்சம்னாலும், முதலாளி சாயங்காலம் ஆறு மணிக்கு உயிரோட வந்து கால்ல உரசறாரேன்னு ராஜினாமா பண்ணாம இருக்கேன்.